சட்டி வைக்காத வருடம்

எங்கள் பக்கத்து வீட்டு எலுமிச்சைச் செடி வருடத்துக்கு ஒருமுறை இளஞ்சிவப்பாகப் பூக்கும். செடி தானாகப் பூப்பதில்லை. அந்த வீட்டுச் சீனப் பெண்மணி ஆன்ட்டி லியான் பூக்க வைப்பார். சீனப் பெருநாள், அதாவது அவர்களுடைய புத்தாண்டு, நெருங்கும்போது ஒரு காலையில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அதன் மேல் ஏறி நின்று, ஒரு பை நிறைய வைத்திருக்கும் பிளாஸ்டிக் பூக்களை மெல்லிய கம்பியால் கிளை கிளையாகக் கட்டுவார். எழுபதை நெருங்கும் வயது. கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. வெயில் மண்டையைப் பிளக்கும். சீனர்களுக்கு அது வசந்தத் திருநாள். குளிர் விலகி மரம் பூக்கிற காலத்தைக் கொண்டாடுவது. ஜொகூரில் விலகுவதற்குக் குளிரும் இல்லை, உருகுவதற்குப் பனியும் இல்லை, உருகுவதெல்லாம் நாங்கள்தான். இருந்தாலும் முன்னோர் எங்கோ பார்த்த வசந்தத்தை, அந்த நாட்டை ஒருமுறைகூடப் பார்த்திராத இந்த அம்மாள் கம்பி போட்டுக் கட்டி வைக்கிறார். வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. பனியே பெய்யாத இந்த ஊரில் மார்கழி மாதம் விடிவதற்கு முன் எழுந்து, கோலத்தில் வைக்கப் பூசணிப்பூ தேடி அலைந்தவள் நான் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

இந்த வருடம் நாற்காலியைப் பிடிக்க ஆன்ட்டி என்னைக் கூப்பிடவில்லை. ஒருநாள் துணி காயப் போட வந்தபோது பார்க்கிறேன், செடி ஏற்கெனவே பூத்திருந்தது. மகன் சிங்கப்பூரிலிருந்து முன்கூட்டியே வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஈரத் துணியை உதறினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரின் பெயர் பெக்கான் நானாஸ். மலாய் மொழியில் அன்னாசி ஊர் என்று பொருள். பெயருக்கேற்ப சுற்றிலும் கரிய சதுப்பு மண்ணில் அன்னாசி வரிசை வரிசையாக நிற்கும். என் கணவர் சேகர் பாலம் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போகிறவர். இருட்டில் போய் இருட்டில் வருவார். மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள். ஆகவே பகலெல்லாம் வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் என் மாமியார். சிம்பாங் ரெங்கம் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து உழைத்தவர். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் காய்ச்சல் என்று நான் படுத்தால் கஞ்சி கொண்டுவருகிற கையும் அவருடையதுதான்.

எனக்கும் ஆன்ட்டி லியானுக்கும் நடுவில் ஒரு டின் உண்டு. வட்டமான சிவப்பு டின், மூடியில் பூப்படம் பாதி அழிந்துவிட்டது. தீபாவளிக்கு அதில் என் முறுக்கு போகும். சீனப் பெருநாளுக்கு அதே டின்னில் அவர் சுட்ட அன்னாசி பிஸ்கட் திரும்பி வரும்; உள்ளூர் அன்னாசியை மணிக்கணக்கில் கிண்டி, வெண்ணெய் மாவுக்குள் வைத்துச் சுடுவது. டின் முதலில் யாருடையது என்பது இருவருக்கும் மறந்துபோயிற்று. கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பதில் தமிழருக்கும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இந்த ஊரில் கருத்து வேறுபாடே கிடையாது. அதுபோக, பெருநாளின் முதலாம் நாள் காலையில் நான் ஏதாவது இனிப்புடன் அவர் வீட்டுக்குப் போவேன். அதிரசமோ ரவா உருண்டையோ. நான் வருவதற்கு முன்பே கேட் திறந்து கிடக்கும்.

மன்னார்குடியிலிருந்து அம்மா தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கடைசியில் ஒரு கேள்வி கேட்பாள். "அந்தச் சீனாக்காரம்மா எப்படி இருக்காங்க? முறுக்கு புடிச்சுதாமா?" இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நான் ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஆன்ட்டி ஒரு பாட்டில் தைலம் கொடுத்து அனுப்புவார், உன் அம்மா முழங்காலுக்கு என்று. அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பாள். ஒருமுறை இங்கே வந்து பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று நாங்கள் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே போனோம். வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. கடந்த கார்த்திகையில் அம்மா இறந்துவிட்டாள்.

காலைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். தம்பி அழைத்தான். அதற்குப் பிறகு பாலம், சிங்கப்பூர், விமானம், திருச்சி, அங்கிருந்து கார். நான் போய் இறங்கியபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். சிமெண்டுத் தரை பாதி காய்ந்தும் பாதி ஈரமாகவும் இருந்தது. அம்மாவைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஈரமே சொல்லிற்று. கட்டிலில் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். தைலப் பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பி மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண், ஆறுதலாகத்தான் சொன்னாள். "உங்களுக்கு மூணு நாள்தான் அக்கா தீட்டு. கட்டிக் குடுத்த பொண்ணில்லையா. எங்களுக்குத்தான் பதினாறு. அப்பறம் வருஷம் முழுக்க நல்ல நாள் பெரிய நாள் கிடையாது." இது எனக்குத் தெரியாத வழக்கம் அல்ல. எத்தனையோ வீட்டில் கேட்டதுதான். ஆனால் என் அம்மாவுக்கு என்று வந்தபோது காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. அவளோடு இந்த வீட்டில் வாழ்ந்தது சில வருடங்கள் மட்டும் என்றாலும் மருமகளுக்கு ஒரு வருடத் துக்கம். அவள் வயிற்றில் பிறந்தவளுக்கு மூன்று நாள். கருமாதி வரைக்கும் இருந்தேன். நான்காம் நாளிலிருந்து அந்த வீட்டில் நான் விருந்தாளிதான்.

எங்கள் பக்கத்தில் துக்க வீடு என்றால் அந்த ஒரு வருடம் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். சோறு குழம்பு உண்டு, பலகாரம் கிடையாது. அதற்காகப் பண்டிகை நாளில் அந்த வீட்டார் வெறும் வாயோடு இருந்துவிட மாட்டார்கள். அக்கம்பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கும். நான் சிறு பெண்ணாக இருந்தபோது அம்மா தீபாவளியன்று முதல் ஈடு முறுக்கை எங்களுக்குத் தர மாட்டாள். தூக்குவாளியில் போட்டு, அந்த வருடம் சாவு விழுந்த வீடு எதுவோ அங்கே கொண்டுபோவாள். நாங்கள் முணுமுணுத்தால், "சட்டி காயக் கூடாதுன்னா நாக்கும் காயணுமாடி?" என்பாள். அந்தத் தூக்கைத் திருப்பி வாங்க அவள் அவசரப்பட்டதே இல்லை.

நான் ஜொகூருக்குத் திரும்பிய மறுநாள் ஆன்ட்டி லியான் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டார், தைலம் உதவியதா என்று கேட்டார், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதற்குள் தை பிறந்துவிட்டது. அத்தை பொங்கல் பானையைத் துலக்கி எடுத்தார். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாளுதான்மா. நம்ம வூட்டுக்குத் துக்கம் இல்ல. பானை வைக்காம இருந்தா நம்ம வூட்டுக்குத்தான் ஆகாது" என்றார். வழக்கப்படி அவர் சொன்னது சரி. பால் பொங்கியபோது எல்லோரும் குரல் கொடுத்தார்கள். நான் பானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேகர் மட்டும் கவனித்துவிட்டு, "சாப்புடலையா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்புறம் என்றேன்.

அன்றைக்குத்தான் மனதுக்குள் ஒன்று முடிவு செய்தேன். யாரும் எனக்கு ஒரு வருடம் தரப்போவதில்லை, நானே எடுத்துக்கொள்வேன். அடுத்த கார்த்திகை வரை என் கையால் அடுப்பில் பலகாரச் சட்டி ஏறாது. வெளியே சொன்னால் வீண் பேச்சு வரும். ஆகவே ஊரறியாத துக்கம் ஒன்றை, திருடிய பொருளைப்போல, இடுப்பில் முடிந்துகொண்டு வீட்டு வேலையைப் பார்த்தேன்.

சீனப் பெருநாள் வந்தபோது சிக்கல் வந்தது. முதல்நாள் காலையில் ஆன்ட்டி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. கடையில் வாங்கிக்கொண்டு போனால் நன்றாக இருக்காது. சட்டியும் வைக்கக் கூடாது. அப்போதுதான் என் வக்கீல் புத்தி வேலை செய்தது. இங்கே மலாய்ப் பெண்கள் பிஸ்கட்டை உடைத்து டின் பால் ஊற்றி, ஓவனில் வைக்காமலே ஒரு கேக் செய்வார்கள். அதே வழியில், நெருப்பே இல்லாமல் உருண்டை பிடித்தால் என்ன? சட்டிதானே கூடாது, உருட்டுவதற்குத் தடை இல்லையே. அம்மா இருந்திருந்தால், "அடுப்பு இல்லாம அது என்னடி பலகாரம்? எண்ணெய் காயற வாசனை வந்தாத்தானே பண்டிகை" என்று சிரித்திருப்பாள். இல்லையே என்பதால்தான் இந்தப் பலகாரமே.

பெருநாளுக்கு முந்தின நாள் மதியம் மேரி பிஸ்கட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அம்மிக் குழவியால் தட்டி, ரவை பதத்துக்குக் கொண்டுவந்தேன். வெண்ணெயை உருக்க வேண்டும். அதற்கும் அடுப்பைத் தொடவில்லை. கிண்ணத்தில் போட்டுப் பின்கட்டு மதில்மேல் வைத்தேன். ஜொகூர் வெயில் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் உருக்கிக் கொடுத்துவிட்டது. பிஸ்கட் தூளில் வெண்ணெயும் டின் பாலும் விட்டுப் பிசைந்து, நடுவில் பட்டாணி அளவு அன்னாசி ஜாம் வைத்து உருட்டினேன். ஜாம் கடையில் வாங்கியது. ஆன்ட்டியின் பலகாரத்துக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று அதை வைத்தேன். கடைசியில் உலர்ந்த தேங்காய்த் துருவலில் புரட்டித் தட்டில் வரிசையாக அடுக்கினால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிசைகிற பதம் கைக்கு வந்த பிறகு கொஞ்ச நேரம் எதையும் நினைக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தேன். கார்த்திகைக்குப் பிறகு என் மனம் அமைதியாக இருந்தது அந்த மதியம் ஒன்றுதான்.

அத்தை வந்து எட்டிப் பார்த்தார். "என்னாம்மா இது, மண்ணு உருண்டையா?"

"பிஸ்கட் உருண்டை அத்தை. ஆன்ட்டிக்கு. அடுப்பே வேண்டாம்."

ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு, "நல்லா இல்ல" என்றார். பிறகுதான் தட்டை முழுதாகப் பார்த்தார். "அலமாக்! எல்லாம் வெள்ளையா இருக்கு? சீனப் பெருநாளுக்கு வெள்ளையைக் கொண்டு போவியா? சாவுக்குத்தான்மா அவங்களுக்கு வெள்ளை. வெரட்டி விட்டுருவாங்க!"

இது தெரிந்த விஷயம்தான், துக்கத்தில் மறந்திருக்கிறேன். மீதித் துருவலில் சிவப்பு ரோஸ் சிராப் கலந்து, மறுபடி வெயிலில் உலர்த்தி, ஒவ்வோர் உருண்டையையும் துடைத்து இளஞ்சிவப்பில் புரட்டினேன். அத்தையே உட்கார்ந்து பாதியைப் புரட்டிக் கொடுத்தார். சிவப்புப் பெட்டி தேடி எடுத்தோம். நான்கு என்பது சீனர்களுக்கு ஆகாத எண், எட்டு நல்லது என்று எட்டெட்டாக அடுக்கினோம். கட்ட வைத்திருந்த நீல ரிப்பனைக்கூட, அதுவும் சாவு நிறம் என்று, அத்தை பிடுங்கிப் போட்டுவிட்டார். ஆகாதது ஒன்றும் மிச்சமில்லை என்று இருவரும் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

மறுநாள் காலை அரக்கு நிறப் புடவை கட்டிக்கொண்டு போனேன். ஆன்ட்டி வீட்டு முன்னால் சிங்கப்பூர் எண் போட்ட கார்கள் நின்றன. தெருமுனையில் சிங்க நடனத்தின் மேளம் கேட்டது. கேட் சாத்தியிருந்தது. நான் கூப்பிடுவதற்குள் ஆன்ட்டி சிவப்புச் சட்டையில் வேகமாக வெளியே வந்தார். திறக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"கீதா," என்றார். "தஹுன் இனி தக் போலே."

இந்த வருடம் கூடாது. அவ்வளவுதான் அதற்குப் பொருள். எனக்குப் புரியவில்லை. பெட்டியைக் கம்பிகளுக்கு நடுவில் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார், வாத்தியார் முன்னால் நிற்கும் பிள்ளையைப்போல. உள்ளேயிருந்து மகன் சீனத்தில் ஏதோ கேட்டார்; இவர் திரும்பாமலே பதில் சொன்னார். என்னைப் பார்த்த கண்ணில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பயம் இருந்ததுபோல் தெரிந்தது. "திரும்பிப் போ கீதா. அப்பறம். அப்பறம்" என்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் மூடிய கேட்டைப் பார்த்து, பழக்க தோஷத்தில், "ஹாப்பி நியூ இயர் ஆன்ட்டி" என்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை மேசைமேல் வைத்ததும் அத்தை புரிந்துகொண்டார். அவருக்கு உடனே காரணம் கிடைத்தது. "மகன் பெரிய காடி வாங்கிட்டான் பாத்தியா? இனிமே நம்ம பலகாரம் இறங்குமா அவங்களுக்கு?" காடி என்றால் இந்த ஊரில் கார். சேகர், "வுடு லா. சொந்தக்காரங்க நிறைய வந்திருப்பாங்க" என்றார். அடுத்த வேலைநாளில் அந்தப் பெட்டியைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போனார். வெறும் பெட்டி திரும்பி வந்தது. எல்லோருக்கும் பிடித்திருந்ததாம். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

சீனப் பெருநாள் பதினைந்து நாள். அந்த நாட்களில் நான் பக்கத்து வீட்டுப் பக்கம் துணி காயப் போடவில்லை. மனம் கண்டதையும் நினைத்தது. பிறந்த வீட்டில் நான்காம் நாளே வெளியாள். புகுந்த வீட்டில் துக்கமே இல்லை என்றார்கள். மிச்சமிருந்தது இந்த ஒரு கேட், அதுவும் சாத்திவிட்டது. இருபது வருடம் இந்த நாட்டில் வாழ்ந்து என்ன கற்றுக்கொண்டேன் என்று தோன்றிற்று. ஊரில் அம்மாவோடு இருந்திருக்க வேண்டிய வருடங்களைக் கொடுத்துத்தானே இந்த ஊரை வாங்கினேன். வாங்கிய பொருளும் கையில் இல்லை என்று ஆனபோது, கொடுத்தது பெரிதாகத் தெரிந்தது. நான் அனுப்பிய புகைப்படத்தில் ஆன்ட்டியைப் பார்த்துவிட்டு, "முகத்தைப் பாத்தா நல்லவங்களாத் தெரியுது" என்று அம்மா சொன்னது வேறு நினைவுக்கு வந்து தொல்லை செய்தது.

பதினைந்தாம் நாள் இரவோடு பெருநாள் முடியும். சாப் கோ மே என்பார்கள். மறுநாள் காலை ஆன்ட்டி எலுமிச்சைச் செடியிலிருந்து பூக்களைக் கழற்றிக்கொண்டிருந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். சற்று நேரத்தில் எங்கள் வாசலில் குரல் கேட்டது. சிவப்பு டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டார். அத்தை தொலைக்காட்சியில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தாரே தவிர, எழுந்து போகவில்லை.

ஆன்ட்டி மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசியதைத் தமிழில் இப்படித்தான் சொல்ல முடியும். "எங்கிட்ட கோவமா?"

நான் சோபாவின் மறுநுனியில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பதினஞ்சு நாளும் அந்தப் பேச்சை வாயில எடுக்கக் கூடாது. வீடு நெறைய பிள்ளைங்க. நான் எப்படிச் சொல்வேன்? உங்கம்மா போய் இன்னும் வருஷம் ஆகல. துக்கம் இருக்கறவங்க பெருநாள்ல அடுத்தவங்க வீட்டுக்குள்ள போகக் கூடாது, பலகாரமும் குடுக்கக் கூடாது. பந்தாங்." பந்தாங் என்றால் விலக்கு, இந்த நாட்டில் எல்லா இனத்துக்கும் பொதுவான சொல். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீ பெட்டியோட வந்து நின்னதும் பயந்துட்டேன். அப்பறம் உள்ள போய் அழுதேன்."

அப்போதுதான் விளங்கிற்று. பெட்டி சிவப்பு, உருண்டை இளஞ்சிவப்பு, எண்ணிக்கை எட்டு. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். கொண்டுபோன ஆள்தான் வெள்ளை. எனக்கோ அது தோன்றவே இல்லை. என் துக்கம் வெளியே யாருக்கும் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஆனா எனக்குத் துக்கம் முடிஞ்சு போச்சு ஆன்ட்டி," என்றேன். "எங்க வழக்கத்துல கல்யாணமான பொண்ணுக்கு மூணு நாள்தான்."

அவர் என்னையே பார்த்தார். தவறாகக் கேட்டுவிட்டோமோ என்பதுபோல் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

"அம்மா லா," என்றார். "அம்மாவுக்கா மூணு நாளு?"

நான் உடைந்து அழுதேன். கார்த்திகையிலிருந்து அழாத அழுகை. ஊரில் கழுவிவிட்ட வாசலில் வராதது, பொங்கல் பானைக்கு முன்னால் விழுங்கிக்கொண்டது, எல்லாம் அந்தச் சோபாவில் வந்தது. பதினைந்து நாளாக நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவர் ஒருவர்தான் இரண்டு நாட்டிலும் என்னைத் துக்கக்காரி என்று கணக்கில் வைத்திருந்தவர். கேட்டைச் சாத்தித்தான் அதைச் சொல்ல அவருக்கு முடிந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அவர் டின்னை என் மடிக்கு மாற்றினார். "துக்கம் நடந்த வீட்டுல செய்யக் கூடாது. மத்தவங்க கொண்டாந்து குடுக்கணும். நேத்துச் சுட்டேன், உனக்குன்னு."

"நான் அடுப்புல வச்சுச் செய்யல ஆன்ட்டி. நெருப்பே இல்ல," என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. என் வக்கீல் புத்தி அப்போதும் விடவில்லை.

"நெருப்பு இல்லன்னாலும் தக் போலே லா." சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் துடைத்தார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி, "தீபாவளிக்கு டின்னைத் திருப்பித் தராதே. காலியாவும் வேணாம், ரொப்பியும் வேணாம். வருஷம் முடியட்டும்" என்றார். தூக்கைத் திருப்பி வாங்க அவசரப்படாத இன்னொருத்தியை எனக்குத் தெரியும். அவளிடம் ஆன்ட்டியைப் பற்றிச் சொல்ல நல்ல செய்தி இருந்தது, தொலைபேசியை எடுத்துவிட்டேன்கூட. எண்ணைத் தேடும்போதுதான் நினைவு வந்தது.

அன்று அத்தை சாயங்காலம் வெங்காயம் உரிக்கும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார். "எங்கம்மா செத்தப்ப நானும் கட்டிக் குடுத்தவதான். நாலாம் நாளு விடியக்காலையில பெரட்டுல போயி நின்னேன்." பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற கூட்டம். "அதுக்கு மேல அழ யாரு வுட்டா? மூணு நாளுன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன்." அதற்குப் பிறகு வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்குத் தராமல் வைத்துக்கொண்ட துக்கம் எதுவும் இல்லை. அவரிடம் இருந்ததே மூன்று நாள்தான்.

சித்திரை பிறந்தது. காலையில், மன்னார்குடியில் தம்பியோடு இருக்கும் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். எதிர்வீட்டிலிருந்து பாயசமும் வடையும் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றார். பிறகு, "நீ ஒண்ணும் செய்யலையாம்மா? நீ செய்யலாம். உனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். அத்தை செய்றாங்கப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். அந்த வீட்டுத் துக்கத்துக்கு நான் ஆள் இல்லை என்று அப்பாவின் வாயாலும் கேட்டாயிற்று.

அடுப்படியில் அத்தை வடை தட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் காயும் வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. அம்மா சொன்ன அதே பண்டிகை வாசனை. நான் குளிர்ப்பெட்டியைத் திறந்து சிவப்பு டின்னை வெளியே எடுத்தேன். கொஞ்சம்தான் மிச்சம் வைத்திருந்தேன், இந்த நாளுக்காக. சன்னலோரம் நின்று ஒன்றை வாயில் போட்டேன். அடுப்புக்கும் சன்னலுக்கும் நடுவில் நாலு எட்டு தூரம். அடுப்புப் பக்கம் துக்கம் முடிந்த வீடு. சன்னல் பக்கம் முடியாத வீடு. நான் இரண்டு வீட்டுக்கும் மருமகளும் மகளுமாக அன்னாசியை மென்றுகொண்டிருந்தேன்.

அத்தை திரும்பிப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணு குடு."

நீட்டினேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், உளுந்து மாவு மணிக்கட்டு வரை இருந்தது. "கையெல்லாம் மாவு. வாயில போடு."

போட்டேன். அவர் சட்டியின் பக்கம் திரும்பி நின்று, வெகுநேரம் மென்றார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"வடை கருகுது அத்தை," என்றேன்.

"கருகட்டும்மா," என்றார்.